பிள்ளைக்கு வரிச்சலுகை... வரியே இல்லாத வீட்டுக்கு?

இந்திய வருமான வரியில் ஒரு காலத்தில் பிள்ளைகளுக்கும் கணக்கு இருந்தது என்றால் நம்புவீர்களா? 1955 பட்ஜெட்டில் நிதியமைச்சர் சி.டி.தேஷ்முக், கல்யாணமானவருக்கு முதல் 2000 ரூபாய்க்கு வரி இல்லை, ஆகாதவருக்கு 1000 ரூபாய்க்குத்தான் என்று பிரித்தார். (கல்யாணத்துக்கு இப்படியும் ஒரு காரணம்!) 1958 வாக்கில் இது இன்னும் ஒரு படி மேலே போனது. மணமாகிப் பிள்ளை இல்லாதவருக்கு 3000, ஒரு பிள்ளை என்றால் 3300, இரண்டு என்றால் 3600. அதற்கு மேல் எத்தனை பிறந்தாலும் 3600தான். பிற்பாடு இந்த முறையே போய்விட்டது. மிஞ்சியது சம்பளக்காரர்களின் பிள்ளைகளுக்கான கல்விப்படி விலக்கு. அதுவும் பல வருடங்கள் பிள்ளைக்கு மாதம் 100 ரூபாய் என்றே நின்றது. நோட்டுப் புத்தகம் வாங்கவே போதாது.

தொகை சின்னது என்பதை விடப் பெரிய குறை ஒன்று உண்டு. சலுகை வேண்டுமானால் முதலில் வரி கட்டுகிற ஆளாக இருக்க வேண்டும். ராமநாதபுரம் மாவட்டத்தில், தேவிபட்டினத்துக்கும் தொண்டிக்கும் நடுவே பாக் நீரிணைக் கரையில் உள்ள திருப்பாலைக்குடியை எடுத்துக்கொள்ளுங்கள். வல்லத்தில் போய் வந்து பாட்டுக்குத் தக்கபடி பங்கு வாங்கும் வீட்டில் சம்பளச் சீட்டு ஏது, படிவம் 16 ஏது? வரியே இல்லாதவருக்கு வரியில் கழிவு கொடுத்து என்ன பயன்?

இங்கிலாந்திலும் இதே சிக்கல் வந்தது. 1909-ல் பிள்ளைக்கு 10 பவுண்டு வரிக்கழிவு கொண்டுவந்தார்கள். அது வரி கட்டும் அப்பாக்களுக்குத்தான் உதவியது. பணம் நேரே அம்மா கைக்குப் போக வேண்டும் என்று பல வருடம் போராடியவர் எலினோர் ராத்போன். 1946 ஆகஸ்டில் இரண்டாவது பிள்ளையிலிருந்து வாரம் 5 ஷில்லிங் கொடுக்கத் தொடங்கினார்கள். பாவம், அதைப் பார்க்காமலே அந்த ஜனவரியில் அவர் இறந்துவிட்டார். அமெரிக்கா 1975-ல் வேறு வழி பிடித்தது. வேலை பார்த்தும் வருமானம் குறைவாக உள்ள குடும்பம் என்றால், வரியை விடச் சலுகை அதிகமானாலும் மிச்சத்தைக் கையில் பணமாகவே கொடுத்தார்கள்.

தமிழ்நாடு வரிப் பக்கமே போகவில்லை. (வருமான வரி மத்திய அரசின் கையில், மாநிலம் நினைத்தாலும் முடியாது.) 1987-ல் தொடங்கியது டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டம். கர்ப்ப காலத்தில் கூலி போகிறது, சத்தான சாப்பாடும் வேண்டும், அதற்கு ஈடாகத் தாய்க்கே பணம். ஆரம்பத்தில் சில நூறு ரூபாய்தான். 2006-ல் 6000 ஆனபோதுதான் ஊரில் பேச்சாக மாறியது. 2011-ல் 12000. 2018-ல் ஊட்டச்சத்துப் பெட்டகத்தையும் சேர்த்து 18000.

12000 ஆனபோது பணத்தை மூன்று தவணையாகப் பிரித்து, கர்ப்பத்தைப் பதிவு செய்வது, அரசு மருத்துவமனையில் பிரசவம், குழந்தைக்குத் தடுப்பூசி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நிபந்தனை வைத்தார்கள். உதவிக்கு இதைவிட நல்ல கொக்கி கிடைக்காது என்றே சொல்லலாம்.

ஆனால் 1958-ன் வரிக் கணக்கிலிருந்த ஒன்று இங்கேயும் ஒட்டிக்கொண்டது. இரண்டு பிரசவத்துக்குத்தான் பணம். மூன்றாவது பிள்ளையைச் சுமக்கும் மீனவப் பெண்ணுக்கும் அதே கூலிதான் போகிறது, அதே சாப்பாடுதான் வேண்டும்.