எமக்குப் பின் யார்? – ஓசூர்ப் பகுதியும் வாழ்நாள் காப்பும்

பிறவியிலோ இளமையிலோ தோன்றி வாழ்நாள் முழுதும் தொடரும் குறைபாடு உடையோரைப் பேணும் பொறுப்பு, தமிழகத்தில் நெடுங்காலம் குடும்பத்துக்குள்ளேயே நின்றது. கூட்டுக்குடும்பம் நிலவிய நாளில் பாட்டியும் அத்தையும் சிற்றப்பனும் அதனைப் பகிர்ந்துகொண்டனர். பெற்றோர் மறைந்தபின் உடன்பிறந்தார் இல்லமே புகலிடமாயிற்று. அவ்வேற்பாடு அன்பையே நம்பி நின்றது. அதற்கு எழுத்துமில்லை, கண்காணிப்புமில்லை. குடும்பம் சுருங்கியபோது, "எமக்குப் பின் யார்?" என்னும் வினா பெற்றோர் நெஞ்சில் பாரமாய் ஏறியது.

சட்டம் நடந்த வழி

1912-ஆம் ஆண்டின் மனநோயாளர் சட்டம் மனநோயையும் அறிவு வளர்ச்சிக் குறைபாட்டையும் பிரித்துணரவில்லை. 1987-ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் அறிவு வளர்ச்சிக் குறைபாட்டை மனநோயின் இலக்கணத்திலிருந்து நீக்கியது. அது சரியான திருத்தமே. ஆயினும் அதனால் ஓர் இடைவெளி தோன்றியது. 1890-ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டம் சிறாருக்கே உரியது. பதினெட்டு வயது நிறைந்தவருக்குப் பாதுகாவலரை நியமிக்க எளிய வழி இல்லாமற்போயிற்று.

பெற்றோர் அமைப்புகள் இடைவிடாது முறையிட்டதன் பயனாக 1999-இல் தேசிய அறக்கட்டளைச் சட்டம் பிறந்தது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்கும் அதன் எல்லைக்குள் அடங்கின. நடுவணரசு நூறு கோடி ரூபாயை மூலநிதியாக வழங்கியது.

அச்சட்டத்தின் உயிர்நாடி, மாவட்டந்தோறும் அமையும் உள்ளூர் அளவிலான குழுவாகும். மாவட்ட ஆட்சியர் நிலையிலுள்ள அலுவலர் ஒருவர், பதிவுபெற்ற தொண்டு அமைப்பின் சார்பாளர் ஒருவர், குறைபாடுடையவர் ஒருவர் என மூவர் அதில் இடம்பெறுவர். மூன்று மாதத்துக்கு ஒருமுறையேனும் குழு கூடவேண்டும். பெற்றோர் தாம் உயிருடன் இருக்கும்போதே தாம் விரும்பும் ஒருவரைச் சட்டப்பூர்வ பாதுகாவலராக்க விண்ணப்பிக்கலாம். நியமனம் பெற்றவர் ஆறு மாதத்துக்குள் சொத்து விவரத்தையும், ஆண்டுதோறும் வரவு செலவுக் கணக்கையும் ஒப்படைக்கவேண்டும். கொடுமை, புறக்கணிப்பு, கையாடல் நிகழ்ந்தால் அவரை நீக்கவும் வழியுண்டு. பின்னர் வந்த 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், இயன்ற அளவு அவரோடு கலந்தே முடிவெடுக்கவேண்டும் என வலியுறுத்தியது. பாதுகாவலர் துணைவரேயன்றி உடைமையாளர் அல்லர் என்பதே இதன் சாரம்.

தொழில் நகரின் தனித்தன்மை

சிப்காட் தொழிற்பேட்டை அமைந்தபின் ஓசூரின் முகம் மாறியது. 1984-இல் டாட்டா குழுமமும் டிட்கோவும் இணைந்து தோற்றுவித்த டைட்டன் நிறுவனம், தன் ஓசூர்க் கைக்கடிகார ஆலையில் செவித்திறனோ உடலுறுப்போ குறைந்தோரைத் தொடக்க ஆண்டுகளிலேயே பணியமர்த்திப் பாராட்டுப் பெற்றது. ஆயினும் ஆலைப்பணிக்குச் செல்ல இயலாத அறிவுசார் குறைபாடுடையோர் வீட்டிலேயே இருந்தனர்.

வேலை தேடி ஆர்க்காட்டுப் பகுதிகளிலிருந்தும் சேலத்திலிருந்தும் இளைஞராய் வந்து குடியேறியோர் இன்று ஓய்வுபெற்ற முதியோர். அவர்தம் உறவினர் சொந்த ஊரில். பிற மக்கள் வெளியூரில். நாற்பது வயது மகனைக் குளிப்பாட்ட எழுபது வயதுத் தாயே எழவேண்டிய நிலையில், திட்டமிடலைத் தள்ளிப்போட இயலாது.

எல்லைப்பகுதி என்பதால் வேறு சில தடைகளும் உண்டு. பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனை நாற்பது கிலோமீட்டர் தொலைவில். உதவித்தொகையோ தமிழக அரசினது. தனித்துவ அடையாள அட்டை நாடெங்கும் செல்லும். மாநில உதவிகள் அவ்வாறு செல்லா. 2004-இல் உருவான கிருஷ்ணகிரி மாவட்டத்தின் தலைநகர் ஓசூரிலிருந்து ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர். மேலும் வீட்டில் தமிழ், தெலுங்கு, கன்னடம் எனப் பல மொழிகள் வழங்கும் இப்பகுதியில், பேச இயலாத ஒருவரின் குறிப்பறிந்து பணிசெய்ய அவர் இல்லத்து மொழி தெரிந்த பணியாளரே தேவை.

இரு முன்மாதிரிகள்

1964-இல் பிரான்சில் தோன்றிய லார்ஷ் இயக்கம், 1970-இல் பெங்களூரில் ஆஷா நிகேதன் இல்லத்தைத் தொடங்கியது. அங்கே அறிவுசார் குறைபாடுடைய பெரியவர்கள் நோயாளிகளாக அன்றி, துணைவரோடு ஒரே உலையில் சமைத்துண்ணும் குடும்பமாக வாழும் முறை கைக்கொள்ளப்பட்டது. தென்காசி அருகே ஆய்க்குடியில் 1981-இல் அமர் சேவா சங்கத்தைத் தோற்றுவித்த திரு. எஸ். ராமகிருஷ்ணன், 1975-இல் கடற்படைத் தேர்வின்போது நேர்ந்த விபத்தில் கழுத்துக்குக் கீழ் செயலிழந்தவர். அவருக்கு 2020-இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. பெருநகரத்தில் மட்டுமன்றிச் சிற்றூரிலும் இப்பணி வேரூன்றும் என்பதையும், உதவி பெறுபவரே நிர்வகிக்கவும் வல்லவர் என்பதையும் ஆய்க்குடி மெய்ப்பித்தது.

செய்யத்தக்கன

பகற்பொழுதுப் பயிற்சியகம், பெற்றோர் நோயுறும்போது சில நாள் தங்கவைக்கும் இடம், ஐந்தாறு பேர் வாழும் சிறு இல்லம் ஆகிய மூன்றும் வீட்டுக்கு அருகில் அமைதலே உள்ளூர்த் திட்டத்தின் அடிப்படை. இவற்றுள் நடுவிலுள்ளதே பெரிதும் மறக்கப்படுவது. அதற்குப் பழகாத மகன், பெற்றோர் மறைந்த நாளன்று வீட்டையும் இழந்து அயலிடம் புகவேண்டிவரும்.

குடும்பங்கள் தம்மளவில் செய்யத்தக்கனவும் உள. அடையாள அட்டை பெறுதல், ஓராண்டுக்கு ஓர் இலட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவை ஏற்கும் நிராமயா காப்பீட்டில் பதிதல், பாதுகாவலர் விண்ணப்பத்தை உரிய காலத்தில் அளித்தல் ஆகியன அவை. மகனுக்கோ மகளுக்கோ பிடித்த உணவு, அஞ்சும் ஒலி, உண்ணும் மருந்து, உறங்கும் வழக்கம் ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதிவைத்தலும் இன்றியமையாதது. தாய் மட்டுமே அறிந்தவை தாயோடு மறைந்துவிடலாகாது. சட்டம் கருவியைத் தந்துவிட்டது. பெற்றோர் கண்ணெதிரிலேயே அதனைப் பயன்படுத்துதல் உறவினர்க்கும் ஊரார்க்கும் உரிய கடனாகும்.