பொல்பெத்தா: பெயரில் உருண்டை இல்லை

இத்தாலிய வீடுகளில் தக்காளிச் சாற்றில் கொதிக்கும் கறி உருண்டைக்குப் பொல்பெத்தா என்று பெயர். பன்மையில் பொல்பெத்தே. உருட்டிச் செய்கிற பண்டம்தான். பெயரில் அந்த உருட்டலைத் தேடினால் கிடைக்காது. லத்தீனில் 'புல்பா' என்றால் சதை. அதுவே இத்தாலியில் 'பொல்பா' ஆயிற்று. 'எத்தா' சிறுமை காட்டும் விகுதி. ஆகச் 'சின்னச் சதைத்துண்டு', அவ்வளவே.

பெயர் வைத்த காலத்தில் அது பொருத்தமாகவே இருந்தது. 15ஆம் நூற்றாண்டுச் சமையற்காரர் மார்த்தினோ, கன்றின் தொடைக்கறியை நீளவாக்கில் மெல்லிசாக அரிந்து, கத்தியின் முதுகால் தட்டி, உப்பும் சோம்பும் போட்டு, கொழுப்பும் வாசனைத் தழைகளும் வைத்துச் சுருட்டிக் கம்பியில் கோத்துச் சுடச் சொல்கிறார். அவருடைய பொல்பெத்தே இந்தச் சுருள்கள்தான். கறியைக் கொத்திப் பிடிக்கும் வழக்கமோ ரோமானியரிடமே உண்டு. அபிகியஸ் பெயரில் வழங்கும் சமையல் நூலில் அதற்கு 'இசிகியா' என்று வேறு பெயர். பழைய பண்டத்தின் மேல் புதிய பெயர் பிறகுதான் வந்து ஒட்டிக்கொண்டது.

1891இல் வெளியான பெல்லெக்ரீனோ அர்த்தூசியின் சமையல் நூலில் பொல்பெத்தே மீந்த கறியில் செய்யும் வீட்டுப் பண்டம். செய்யத் தெரியாதவர் யாருமில்லை, முதல் மாதிரி காட்டியதே கழுதையாக இருக்கலாம் என்று அவர் நக்கலடிக்கிறார். புரியாதவர்கள் கழுதை விட்டையை நினைத்துக்கொள்ளலாம். இன்றைய கைப்பக்குவமும் சிக்கன வீட்டுப் பக்குவம்தான். பழைய ரொட்டியின் உட்பகுதியைப் பாலில் ஊறவைத்துப் பிழிந்து, கொத்துக்கறி, முட்டை, துருவிய சீஸ், பார்ஸ்லியோடு பிசைகிறார்கள். ரொட்டி சேராவிட்டால் உருண்டை வெந்ததும் இறுகிவிடும். கையை நனைத்து உருட்டி, எண்ணெயில் மேல்புறம் சிவக்கப் புரட்டி, சாற்றில் போட்டுச் சிறுதீயில் விடுகிறார்கள்.

உருண்டையைப் பெயரிலேயே வைத்திருப்பவர்கள் மிலான்காரர்கள். அவர்களுடைய வறுத்த கறி உருண்டைக்கு 'மொந்தெகீலி' என்று பெயர். அரபியில் 'புந்துக்' என்றால் உருண்டையான ஹேசல் கொட்டை. 'அல்' சேர்ந்து ஸ்பானிய மொழியில் அது 'அல்போந்திகா' என்ற கறி உருண்டையானது; 1535 முதல் 1706 வரை மிலானை ஆண்ட ஸ்பானியரோடு அங்கே வந்து, நாக்கில் புரண்டு இப்படி ஆகிவிட்டது. அதே கொட்டை, குண்டு என்ற பொருள் வழியே இந்தியில் 'பந்தூக்' ஆகித் துப்பாக்கியைக் குறிக்கிறது என்பது வேறு கதை.

தக்காளிச் சாறும் ஸ்பானிய அடையாளத்தோடுதான் ஏட்டில் ஏறியது. ஸ்பெயினின் ஆட்சியில் இருந்த நேப்பிள்ஸில் அந்தோனியோ லத்தீனி 1690களில் அச்சிட்ட சமையல் நூலில் அது 'ஸ்பானிய முறை' என்றே வருகிறது. நேப்பிள்ஸ்காரர்கள் உருண்டை வெந்த சாற்றைப் பாஸ்தாவில் கலந்து முதலில் சாப்பிடுவார்கள். உருண்டை அடுத்த தட்டில் தனியாக வரும். இரண்டையும் ஒன்றாகக் குவித்தது அமெரிக்காவில் குடியேறிய இத்தாலியர்.

சதை என்ற சொல்லைத் தமிழில் நாம் பழத்துக்கும் சொல்வோம். பொல்பாவும் அப்படித்தான்: இத்தாலியக் கடையில் பொடியாக நறுக்கிய தக்காளி டப்பாவின் மேல் 'பொல்பா' என்றே அச்சிட்டிருக்கும்.