அடிக்கோடு

ரெக்ஸ்டேலில் நான் கோப்பை கழுவும் உணவகத்தின் பின்சுவரில் பழைய உலகப்படம் ஒன்று தொங்குகிறது. மேர்கேற்றர் எறியம். ரொறன்ரோவின் அகலக்கோட்டில் உள்ள காணி, இதில் மத்தியகோட்டிலுள்ள அதேயளவு காணியின் ஏறத்தாழ இருமடங்காகத் தெரியும். யாழ்ப்பாணத்தில் அந்தப் பொய் நூற்றுக்கு மூன்றுதான். பாதியில் விட்ட புவியியற் படிப்பில் எனக்கு எஞ்சியவை இப்படிச் சில கணக்குகளும் அடிக்கோடு என்ற சொல்லும்.

நாட்டை அளக்க வெளிக்கிடுபவன் முதலில் ஒரு கோட்டை நிலத்தில் கிடத்தி அளக்கவேண்டும். பிறகு அதன் இரு முனைகளிலும் நின்று தூரத்துக் குன்றுக்குக் கோணம் எடுத்தால், முக்கோணத்தின் மற்ற இரு பக்கங்களும் கணக்கில் வந்துவிடும். அவையே அடுத்த முக்கோணங்களுக்கு அடிக்கோடுகள். முதற்கோடு பிழைத்தால் எல்லாம் பிழை.

1802 ஏப்ரலில் வில்லியம் லாம்ப்டன் சென்னைப் பரங்கிமலையில் அந்த முதற்கோட்டைத் தொடங்கினார். ஏழரை மைல், 57 நாட்கள். வெயிலில் உருக்கு நீளும் என்பதால், 100 அடிச் சங்கிலியை மரப்பெட்டிகளில் கிடத்தி, வெப்பமானி வைத்து, 400 தடவை அளந்தார்கள். திப்பு விழுந்து மூன்று வருடம். பிடித்த நாட்டை அளக்காமல் வரி வாங்க முடியுமா?

தஞ்சாவூர்ச் சமவெளியில் குன்றில்லை. 1808இல் அரைத்தொன் தியோடலைற்றைப் பெரிய கோயில் விமானத்தில் ஏற்றினார்கள். கயிறு அறுந்தது. கருவி சுவரில் மோதி அதன் வட்டம் நெளிந்துபோக, லாம்ப்டன் கூடாரத்துக்குள் கிடந்து கிழமைக்கணக்காய்த் தட்டி நிமிர்த்தினார். கயிறு இழுத்தவர்களின் பெயர் நான் வாசித்த எதிலும் இல்லை.

கண்டி 1815இல் விழுமுன்பே, 1800இல், இலங்கையில் நில அளவைத் திணைக்களம் வந்துவிட்டது. பின்னாளில், வடக்குத்தெற்காக நீண்ட தீவுக்கென்று மேர்கேற்றரைப் பக்கவாட்டில் திருப்பி, பிதுருதலாகலையை மூலப்புள்ளியாக வைத்தார்கள். எடுத்துக்கொண்ட புவியுருவம் லாம்ப்டனின் வாரிசான எவரெஸ்ற் 1830இல் கணித்தது. ஆக, எங்கள் ஒழுங்கைக்கும் பரங்கிமலைச் சங்கிலிக்கும் ஓர் உறவு உண்டு.

2008இல் எங்கள் வகுப்பின் தளமேசை வளாக மதிலைத் தாண்டவில்லை. அந்நாளில் வீதியில் முக்காலி நிறுத்திக் குறிபார்க்க யாருக்குத் துணிவு? நூலகத்து மூலையிலிருந்து வேம்பு வரை, 60 மீற்றர், மூன்று தடவை அளந்தோம். ஒரு முனையில் கோணங்களும் எடுத்தாயிற்று. மற்ற முனைக்குப் போகவேண்டிய திங்கட்கிழமை, நான் காங்கேசன்துறையில் திருகோணமலைக் கப்பலுக்கு வரிசையில் நின்றேன்.