பிள்ளைக்கு யார் நெருங்கிய உறவினர்? சட்டத்தின் ஒரு வரியும் குழந்தைச் சிறுநீரக மாற்றும்

இந்தியச் சிறுநீரக மாற்றின் வரலாற்றை எழுதுகிறவர்கள் மானுடவியலாளர் லாரன்ஸ் கோஹனைக் கடந்துதான் போகவேண்டும். 1999-இல் ‘டேடலஸ்’ இதழில் வந்த அவருடைய கட்டுரை, சென்னையில் கடனுக்காகச் சிறுநீரகம் விற்ற ஏழைப் பெண்களின் தழும்புகளை மையத்தில் வைத்தது. சைக்ளோஸ்போரின் மருந்து வந்தபின் திசுப் பொருத்தத்தின் கெடுபிடி தளர்ந்தது. உறவுக்கு வெளியேயும் சிறுநீரகம் தேட முடிந்தது. ஏழையின் உடல் எட்டும் தூரத்துக்கு வந்துவிட்டது. 1994-ஆம் ஆண்டின் உறுப்பு மாற்றுச் சட்டமும், பாசத்தையோ வேறு சிறப்புக் காரணத்தையோ காட்டினால் அங்கீகாரக் குழு அனுமதிக்கலாம் என்று ஒரு வாசலை விட்டுவைத்தது. இதுதான் அவர் வாதத்தின் சாரம்.

சென்னையின் பெரியவர்களைப் பொறுத்தவரை இந்த வாசிப்பு அசைக்க முடியாதது. ஆனால் சிறுநீரகம் பெறுபவர் எட்டு வயதுக் குழந்தை என்றால்? கோஹனின் சித்திரத்தில் குழந்தை தனி வகையாக இடம்பெறுவதில்லை. சந்தைக்குத் திறந்த வாசலை அவர் பார்த்தார். அதே சட்டம் குழந்தைக்கு முன் எவ்வளவு குறுகியிருந்தது என்பதை அவரும் பார்க்கவில்லை, அவரைப் பின்பற்றியவர்களும் பார்க்கவில்லை.

சட்டத்தின் வரையறையைச் சற்று நிதானமாகப் படிக்கவேண்டும். 1994-இன் பாடத்தில் ‘நெருங்கிய உறவினர்’ எழுவர்: கணவன் அல்லது மனைவி, மகன், மகள், தந்தை, தாய், சகோதரன், சகோதரி. குழந்தைக்கு முதல் மூவரும் இல்லை. உயிருடன் கொடுப்பவருக்குப் பதினெட்டு வயது நிரம்பியிருக்க வேண்டும் என்று சட்டமே சொல்வதால், உடன்பிறந்தவர்களும் பெரும்பாலும் விலகிவிடுகிறார்கள். ஏழு பேர் இருவராகச் சுருங்குகிறார்கள். அம்மாவுக்கு ரத்த வகை சேரவில்லை, அப்பாவுக்குச் சர்க்கரை நோய் என்றால் பட்டியல் முடிந்தது. குழுவின் முன் போய் நிற்பதுதான் மிச்சம்.

2011-ஆம் ஆண்டுத் திருத்தம் இந்த வரியில் தாத்தா, பாட்டி, பேரன், பேத்தி என்று நால்வரைச் சேர்த்தது. இது குழந்தைகளை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டது என்று சட்டத்தில் எங்கும் இல்லை. இரு தலைமுறைக்கும் சமமான விரிவாக்கம் என்றும் வாதாடலாம். இக்கட்டுரை அதை ஏற்கவில்லை. வளராத பேரன் கொடுக்க முடியாது. வளர்ந்த பேரன் கொடுக்க முன்வந்தாலும் தாத்தா பாட்டியே சம்மதிப்பது அரிது. எனவே நடைமுறையில் இந்தச் சொற்களால் பயன்பெறக்கூடியது பேரக்குழந்தைதான். பேரக்குழந்தை சிறுபிள்ளையாக இருக்கையில் ஐம்பதுகளில் இருக்கும் பாட்டிகள் நம் வீடுகளில் ஏராளம். அவர்களிலும் பலரை ரத்த அழுத்தமும் சர்க்கரையும் விலக்கிவிடும் என்பதை மறைக்க வேண்டியதில்லை.

இந்த வரியின் கனம் திருவனந்தபுரத்தில் தெளிவாகப் புரியும். அரசு மருத்துவக் கல்லூரி வளாகத்தின் எஸ்.ஏ.டி. மருத்துவமனை, வாத சுரம் இதயத்தைத் தாக்கி 1944-இல் ஆறு வயதில் இறந்த இளவரசர் அவிட்டம் திருநாளின் நினைவாக 1952-இல் எழுந்தது. வாத சுரத்தைத் தூண்டும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியேதான், தொண்டைப் புண்ணுக்கும் சிரங்குக்கும் பிறகு குழந்தைகளின் சிறுநீரகத்தையும் அழற்சிக்கு உள்ளாக்குகிறது. இங்கே குழந்தைச் சிறுநீரகத் துறையை வழிநடத்தி வந்தவர் மருத்துவர் சூசன் உதுப். அத்துறையின் நோயாளிகளுக்குப் பெரியவர்களின் சர்க்கரை நோய்க் கதை பொருந்தாது: பிறவியிலேயே சிறுநீர்ப்பாதை அடைபட்ட ஆண்குழந்தைகள், ஸ்டீராய்டுக்கு வசப்படாத நெஃப்ராட்டிக் நோய்க்குறி கொண்ட பிள்ளைகள். டயாலிசிஸில் காத்திருக்கும் காலம் அவர்களின் உயரத்தையும் பள்ளிப் படிப்பையும் தின்கிறது.

இத்தகைய பிள்ளைகளுக்கு முதலில் கொடுக்க வருபவர் யார் என்பதற்கு ஒரு பழைய சான்று உண்டு. 1952-இன் கிறிஸ்துமஸ் வேளையில் பாரிஸில் பதினாறு வயது மாரியஸ் ரெனாருக்குப் பொருத்தப்பட்டது அவன் தாயின் சிறுநீரகம். மூன்று வாரத்தில் அது செயலிழந்தது. இளையவரின் மாற்று வரலாறு அம்மாவிடமிருந்தே தொடங்குகிறது. தாய்மார் கொடுப்பது ‘இயல்பு’ என்று கருதப்படுவதில் கோஹன் சுட்டிய பெண்ணுடலின் கேள்வி வேறு வடிவில் திரும்பி வருகிறது. இந்த இடத்தில் அவரை மறுப்பது கடினம்.

மூளைச்சாவுக் கொடையையும் சேர்த்தே பார்க்கவேண்டும். பதினெட்டு வயதுக்குட்பட்டவர் மூளைச்சாவடைந்தால் பெற்றோரில் ஒருவர் அனுமதி தரலாம் என்று 1994-இன் மூன்றாம் பிரிவே சொல்லியிருந்தது. தமிழ்நாட்டில் 2008-இல் மூளைச்சாவடைந்த சிறுவன் ஹிதேந்திரனின் பெற்றோர் அதைச் செய்துகாட்டினர். மூளைச்சாவுக் கொடைக்கான கேரளத்தின் ‘மிருதசஞ்சீவனி’ திட்டம் 2012-இல் வந்தது.

அப்படியானால் குழந்தைக்கான வாசல் எப்போது அகன்றது? திருத்தம் நிறைவேறியது 2011. நடைமுறைக்கு வந்தது 2014 ஜனவரி 10. விதிகள் வெளியானது அதே ஆண்டு மார்ச்சில். மாநிலச் சட்டமன்றங்கள் தனித்தனியே தீர்மானம் போட்டு ஏற்கவேண்டிய சட்டம் என்பதால், நாடு முழுவதற்கும் ஒரே தேதி பொருந்தாது. இக்கட்டுரை 2014 என்றே கொள்கிறது. மருத்துவமனைப் பதிவேடுகளில் கொடுத்தவரின் உறவுமுறையைப் பாட்டி, தாத்தா எனப் பிரித்து எண்ணும்வரை அது ஒரு கருதுகோள்தான்.