நான்கு பக்கம்: 'பறையன்' முதல் பேஜ்மேக்கர் வரை

ஒரு தாளை நடுவில் ஒருமுறை மடித்தால் நான்கு பக்கம் கிடைக்கும். தைக்க வேண்டாம், பின் அடிக்க வேண்டாம், பைண்டிங் செலவு கிடையாது. 1893 அக்டோபரில் இரட்டைமலை சீனிவாசன் சென்னையில் 'பறையன்' இதழைத் தொடங்கியபோது அது நான்கு பக்கம்தான். விலை இரண்டணா. 1907 ஜூன் 19 அன்று அயோத்திதாசப் பண்டிதர் இராயப்பேட்டையிலிருந்து கொண்டுவந்த 'ஒரு பைசாத் தமிழன்' வார இதழும் நான்கு பக்கத்தில்தான் தொடங்கியது. காசில்லாதவன் அச்சில் பேச வேண்டுமென்றால் இருக்கிற மிகச் சிறிய வடிவம் அது.

வெலிங்டனில் நாங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் நடத்தும் பக்க வடிவமைப்பு வகுப்பிலும் முதல் பாடம் இதே நான்கு பக்கம்தான். அருவங்காட்டிலிருந்தும் குன்னூரிலிருந்தும் எஸ்டேட் லைன்களிலிருந்தும் வரும் கல்லூரித் தோழர்கள் பலரும் முதல் நாளே கேட்கிற கேள்வி ஒன்றுண்டு. "போஸ்டர் போட ஃபோன்லயே ஆப் இருக்கே, இதை எதுக்குக் கத்துக்கணும்?" நியாயமான கேள்வி. அதற்கு மென்பொருளை வைத்துப் பதில் சொல்ல முடியாது. வரலாற்றை வைத்துத்தான் சொல்ல வேண்டும். அந்த வரலாற்றில் நம் மலைக்கும் பங்கு இருக்கிறது.

1850-களில் ஜெகதளா கிராமத்தருகே வெள்ளைக்காரப் படைக்குப் பாராக்ஸ் எழும்பியது. பிறகு அந்த இடத்துக்கு வெலிங்டன் என்று பெயரிட்டார்கள். முகாமும் பங்களாக்களும் தோட்டங்களும் வந்தபோது சமவெளியிலிருந்து நம் மக்கள் சமையலுக்கும் குதிரை லாயத்துக்கும் பாதை போடவும் கணக்கெழுதவும் மலையேறினார்கள். அயோத்திதாசரின் பாட்டனார் கந்தப்பன், ஹாரிங்டன் என்ற ஆங்கில அதிகாரியிடம் பட்லராக இருந்தவர். அவரிடமிருந்த திருக்குறள் ஓலைச்சுவடி எல்லிஸ் துரையிடம் போய்ச் சேர்ந்த கதையைப் பண்டிதரே எழுதியிருக்கிறார். பண்டிதர் நீலகிரியில் பல ஆண்டுகள் வாழ்ந்தார். 1870-களில் இங்கே அத்வைதானந்த சபையை நிறுவினார். 1891 டிசம்பரில் திராவிட மகாஜன சபையின் மாநாட்டை உதகையில் கூட்டிப் பத்துத் தீர்மானங்கள் நிறைவேற்றினார். சீனிவாசனும் நீலகிரியில் ஆங்கிலேய நிறுவனத்தில் கணக்காளராக வேலை பார்த்து, 1890 வாக்கில் சென்னைக்கு இறங்கியவர்தான். சீனிவாசனின் சகோதரி தனலட்சுமியைத்தான் பண்டிதர் மணந்தார்.

அதாவது தலித் இதழியலின் இரண்டு பெரிய ஆட்களும் இந்தக் குளிரில் நின்று யோசித்தவர்கள். ஆனால் அச்சுக்கு அவர்கள் சென்னை போக வேண்டியிருந்தது. அதைக் கவனியுங்கள்.

அவர்கள்தான் முதல் ஆட்கள் என்று நினைத்துவிட வேண்டாம். ஆய்வாளர் ஜெ. பாலசுப்பிரமணியம் தலித் இதழ்கள் பற்றி எழுதிய நூல் 1869-ல் வந்த 'சூரியோதயம்' இதழிலிருந்து தொடங்குகிறது. 'பஞ்சமன்', ஜான் ரத்தினமும் அயோத்திதாசரும் சேர்ந்து நடத்திய 'திராவிட பாண்டியன்', 'மகா விகட தூதன்', 'பூலோக வியாசன்' என்று அந்தப் பட்டியல் நீள்கிறது. காங்கிரஸ் பிறப்பதற்குப் பதினாறு ஆண்டுகளுக்கு முன்பே நம்மவர்கள் பத்திரிகை போட்டிருக்கிறார்கள். நம் பாடப்புத்தகத்தில் இதற்கு ஒரு வரி இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.

அன்றைக்கு ஒரு பக்கம் எப்படி உருவானது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். அச்சுக்கோப்பவர் சாய்வான மரப்பெட்டி முன்னால் நிற்பார். பெட்டி முழுக்கச் சிறு அறைகள். அறைக்கு ஓர் ஈய எழுத்து. ஆங்கிலப் பெட்டியைவிடத் தமிழ்ப் பெட்டிக்கு அறைகள் மிக அதிகம், ஏனென்றால் கு, கூ, மு, மூ என ஒவ்வொன்றுக்கும் தனி எழுத்து வார்க்க வேண்டும். எழுத்துகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கையிலுள்ள ஸ்டிக்கில் தலைகீழாக அடுக்கி, வரிகளைக் கட்டி, கேலியில் வைத்து, புரூஃப் எடுத்து, திருத்தி, இரும்புச் சட்டத்தில் இறுக்கினால் ஒரு பக்கம். அச்சடித்து முடிந்ததும் சட்டத்தைப் பிரித்து எழுத்துகளை மறுபடி அறைகளில் போட்டுவிடுவார்கள், அடுத்த வேலைக்கு அதே ஈயம் வேண்டுமே! ஆகவே பக்கம் அங்கே மிஞ்சாது. காகிதத்தில் பதிந்தது மட்டும்தான் மிச்சம். யாரும் அந்தக் காகிதத்தைப் பாதுகாக்கவில்லை என்றால் அந்தப் பேச்சே இல்லாமல் போய்விடும். நூலகங்கள் யாருடைய கையில் இருந்தன என்பதை நாங்கள் சொல்ல வேண்டியதில்லை.

இந்த வேலைக்குக் கூலி, காகிதம், இயந்திரம் எல்லாம் வேண்டும். அதைவிட முக்கியமாக, அச்சகக்காரர் சம்மதிக்க வேண்டும். 1920 ஜனவரி 31 அன்று அம்பேத்கர் 'மூக்நாயக்' தொடங்கினார். அதன் அறிவிப்பைக் காசு கொடுத்து விளம்பரமாகப் போடக்கூட திலகரின் 'கேசரி' மறுத்தது. பின்னாளில் அம்பேத்கர் பாரத் பூஷண் என்ற பெயரில் அச்சகமே வைத்துக்கொண்டதை இந்த அனுபவத்தோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும். பெரியார் கதையும் பொருத்தமானது. 1935-ல் அவர் 'குடி அரசு' இதழில் ணா, றா, னா, லை, னை போன்ற எழுத்துகளின் பழைய வடிவங்களை மாற்றி அச்சிடத் தொடங்கினார். எந்தப் பண்டிதர் சபையிடமும் அனுமதி கேட்கவில்லை. அச்சகம் அவர் கையில் இருந்தது, மாற்றினார். தமிழ்நாடு அரசு அதை ஏற்க 1978 வரை ஆனது.

'பறையன்' இதழுக்கு வருவோம். நாலு பக்கத் தாள் என்ன செய்துவிடும் என்று கேட்பவர்களுக்கு: ஐ.சி.எஸ். தேர்வை இங்கிலாந்தோடு இந்தியாவிலும் ஒரே நேரத்தில் நடத்த வேண்டும் என்று காங்கிரஸ் கேட்டபோது, அப்படி நடந்தால் ஆதிக்க சாதியினர்தான் அதிகாரிகளாகி நம்மை ஆளுவார்கள் என்று சீனிவாசன் எதிர்த்தார். 3,412 பேர் கையெழுத்திட்ட 112 அடி நீள மனு பிரிட்டிஷ் பாராளுமன்றத்துக்குப் போனது. இதழ் தொடங்கிச் சில மாதங்களே ஆகியிருந்த காலம் அது. 1896-ல் இதழில் வந்த ஒரு வாசகர் கடிதத்துக்காக வழக்குப் போட்டு ஆசிரியருக்கு நூறு ரூபாய் அபராதம் விதித்தார்கள். இதழ் 1900 வரை வந்தது.

'தமிழன்' நீண்டகாலம் தாக்குப்பிடித்ததற்குக் காரணம் வாசகர்கள். 1908 ஆகஸ்டில் 'ஒரு பைசா' என்ற ஒட்டை எடுத்துவிட்டு 'தமிழன்' ஆனதே வாசகர்கள் கேட்டுக்கொண்டதால்தான். கோலார் தங்கவயலின் சுரங்கத் தொழிலாளர்கள் இதழைத் தாங்கினார்கள். பண்டிதர் 1914-ல் மறைந்த பிறகு அங்கிருந்த சித்தார்த்தா புத்தகசாலை அவர் எழுத்துகளை நூலாக்கியது. 1926-ல் ஜி. அப்பாதுரையார் தங்கவயலிலிருந்து 'தமிழன்' இதழை மறுபடி நடத்தினார். பூமிக்கடியில் வேலை செய்தவர்களின் கூலிக் காசு அது. அவர்கள் கட்டுகளைப் பத்திரப்படுத்தியதால்தான் 1999-ல் ஞான. அலாய்சியஸ் அயோத்திதாசர் சிந்தனைகளைத் தொகுத்தபோது தொகுப்பதற்கு ஏதோ இருந்தது. 'பறையன்' இதழுக்கு அப்படியொரு தங்கவயல் வாய்க்கவில்லை. அதில் என்ன வந்தது என்பதை அறிய, வெள்ளை அரசு சுதேசிப் பத்திரிகைகளை உளவு பார்த்துத் தயாரித்த வாராந்திர அறிக்கைகளைப் புரட்ட வேண்டியிருக்கிறது. நம் பேச்சு போலீஸ் கண் வழியாக நமக்குத் திரும்ப வருகிறது!

1985-ல் ஆல்டஸ் நிறுவனம் பேஜ்மேக்கர் மென்பொருளை வெளியிட்டது. ஈயம், சட்டம், கேலி எல்லாம் ஒரு திரைக்குள் வந்தன. 1990-களில் அம்பேத்கர் நூற்றாண்டை ஒட்டித் தமிழில் எழுந்த தலித் எழுத்தலையையும் ஊருக்கு ஊர் முளைத்த டி.டி.பி. கடைகளையும் பிரித்துப் பார்க்க முடியாது. 'நிறப்பிரிகை', 1997-ல் தொடங்கிய 'தலித் முரசு', இன்னும் எத்தனையோ சிற்றிதழ்கள், துண்டறிக்கைகள், நினைவேந்தல் மலர்கள் எல்லாம் அந்தக் காலத்தவை. அச்சகம் வைக்காமலே பக்கம் தயாரிக்கலாம் என்றானது. ஆனாலும் கடை நம்முடையது இல்லை. எங்கள் துண்டறிக்கை ஒன்றிலிருந்து சாதியின் பெயரை எடுத்தால்தான் டைப் அடிப்பேன் என்று ஒரு கடைக்காரர் சொன்னதுண்டு. எடுக்கவில்லை. வேறு ஊருக்குப் போய் அடித்துவருவதற்குள் கூட்டம் முடிந்துவிட்டது.

அந்தக் காலத்தில் இன்னொரு சிக்கலும் தெரியாமலே விதைக்கப்பட்டது. பேஜ்மேக்கருக்குத் தமிழ் தெரியாது. ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் உருவத்தை ஒட்டவைத்த எழுத்துருக்களை வைத்துத்தான் வேலை நடந்தது. பாமினி எழுத்துருவில் 'தமிழ்' என்று அடித்தால் கணினி சேமித்து வைத்திருப்பது ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் திரையில் தெரிவதும் அதுதான். கடைக்குக் கடை வேறு எழுத்துரு, எழுத்துருவுக்கு எழுத்துரு வேறு குறியீடு. 1999-ல் அரசு டாம், டாப் என்று தரப்படுத்தியது. 2010-ல் யூனிகோடை ஏற்றது. பேஜ்மேக்கரோ 2001-ல் வந்த ஏழாம் பதிப்போடு நின்றுவிட்டது. அதன் இடத்துக்கு வந்த இன்டிசைனில், 2013-க்குப் பிறகான பதிப்புகள் பேஜ்மேக்கர் கோப்புகளைத் திறப்பதே இல்லை. ஈய எழுத்தைப் பிரித்துப்போட்டதுபோலத்தான் இதுவும். கோப்பு கையில் இருக்கும், படிக்க முடியாது, தேடவும் முடியாது.

ஆகவேதான் எங்கள் வகுப்பில் அலங்காரம் கடைசியில் வருகிறது. முதலில் கோப்பு அமைப்பு: ஏ4 தாளை மடித்தால் கிடைக்கும் ஏ5 அளவு, நான்கு பக்கம், எதிரெதிர்ப் பக்கங்கள், ஓரங்கள், வெட்டுக்கு 3 மில்லிமீட்டர் கூடுதல் இடம். பிறகு மாஸ்டர் பக்கம், அதாவது பக்க எண்ணையும் இதழ்ப் பெயரையும் ஒரே இடத்தில் வைத்து எல்லாப் பக்கத்துக்கும் வரவைப்பது. பிறகு உரைச் சட்டங்களை ஒன்றோடொன்று இணைப்பது. முதல் பக்கத்தில் நிரம்பிய கட்டுரை மூன்றாம் பக்கத்துக்குத் தானாக வழிந்தோடும்போது தோழர்கள் முகத்தில் வரும் சிரிப்பை நாங்கள் ஒவ்வொரு முறையும் எதிர்பார்த்துக் காத்திருப்போம். அடுத்தது பத்திப் பாணிகள். தலைப்பு, உள்தலைப்பு, உடல் எழுத்து என மூன்றுக்கும் பாணி வைத்துவிட்டால் எழுத்தளவை ஓரிடத்தில் மாற்றினால் போதும், இதழ் முழுக்க மாறிவிடும்.

தமிழுக்கென்று சில கணக்குகள் உண்டு. நம் எழுத்துக்கு மேலே புள்ளியும் கொக்கியும், கீழே சுழியும் இருப்பதால் ஆங்கிலத்துக்கு விடுகிற வரி இடைவெளி போதாது. பதினோரு புள்ளி எழுத்துக்குப் பதினைந்து, பதினாறு விட்டால் கண் வலிக்காது. தமிழ்ச் சொற்கள் நீளமானவை என்பதால் ஒடுக்கமான பத்தியில் இருபுறமும் நேர்படுத்தினால் நடுவில் வெள்ளை ஓட்டைகள் விழும். அங்கே இடப்பக்கம் மட்டும் நேர்படுத்துங்கள். இன்டிசைனில் தமிழ் உடைந்து கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று வந்தால் பத்தி அமைப்பில் 'வேர்ல்ட் ரெடி கம்போசர்' தேர்ந்தெடுத்தால் சரியாகும். ஆனால் இன்டிசைனுக்கு மாதாமாதம் சந்தா கட்ட வேண்டும். நாங்கள் கற்றுத்தருவது ஸ்கிரைபஸ். கட்டற்ற மென்பொருள், இலவசம், பழைய மடிக்கணினியிலும் ஓடும். 1.5.3-க்கு முந்தைய பதிப்பில் தமிழ் யூனிகோடு ஒழுங்காக வராது, 1.6 போட்டுக்கொள்ளுங்கள். அச்சுக்குக் கொடுக்கும்போது எழுத்துரு உள்ளடங்கிய பி.டி.எஃப். மட்டும் கொடுங்கள். மூலக் கோப்பு உங்களிடமே இருக்கட்டும், இரண்டு இடத்தில்.

எட்டாவது வாரத்தில் பழைய கோப்புகளுக்கு வருகிறோம். லிபர்ஆஃபிஸ் ட்ரா பேஜ்மேக்கரின் பிந்தைய பதிப்புக் கோப்புகளை ஓரளவு திறக்கிறது. உரையை உருவியெடுத்து எந்த எழுத்துரு என்று கண்டுபிடித்து யூனிகோடுக்கு மாற்றலாம். மாற்றிய பிறகு ஒரு வரி விடாமல் அச்சுப் பிரதியோடு ஒப்பிட வேண்டும். ர-வும் கால் எழுத்தும் இடம் மாறிவிடும். அலுப்பான வேலை, ஆனால் ஒரு மலரை மூன்று பேர் சேர்ந்தால் நான்கு ஞாயிறில் முடித்துவிடலாம்.

1990-களிலும் 2000-களிலும் நீலகிரியில் வந்த துண்டறிக்கை, மலர், சிற்றிதழ் எதுவானாலும், தாயகம் திரும்பிய தோட்டத் தொழிலாளர் சங்கங்களின் வெளியீடுகள் உட்பட, சி.டி.யோ பிளாப்பியோ வீட்டில் கிடந்தால் எடுத்துவாருங்கள். அதன் அச்சுப் பிரதி ஒன்றும் வேண்டும். பிளாப்பி படிக்கும் டிரைவ் எங்களிடம் இருக்கிறது.