திருப்ப வேண்டாத பணியாரம்: கேக் பாப் மெஷினின் கதை

செமஸ்டர் பரீட்சை ஒருவழியாக முடிந்து ஊருக்கு வந்து பத்து நாளாகிறது. வந்ததும் சமையல் மேடையில் ஒரு புது விருந்தாளியைப் பார்த்தேன். சித்தி தன் வீட்டில் இடம் இல்லை என்று எங்கள் வீட்டில் விட்டுப்போன கேக் பாப் மெஷின். பார்க்க சாண்ட்விச் டோஸ்டர் மாதிரிதான் இருக்கும். திறந்தால் கீழே பன்னிரண்டு அரை உருண்டைக் குழிகள், மூடியிலும் அதே அளவில் பன்னிரண்டு. குழியில் மாவை ஊற்றி மூடினால் நாலைந்து நிமிடத்தில் எலுமிச்சம்பழ அளவில் கேக் உருண்டைகள் தயார். குச்சியில் செருகி சாக்லேட்டில் முக்கினால் அதுதான் கேக் பாப்.

"இதுக்கெல்லாம் ஒரு மெஷினா?" என்று நக்கலடித்துக்கொண்டுதான் முதல் ஈடு ஊற்றினேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆச்சி, மூடியை நான் மூடியதும் கேட்டாள்: "ஏலே, இதத் திருப்ப வேண்டாமா?"

நாற்பது வருஷம் பணியாரச் சட்டியோடு வாழ்ந்தவள் கேட்கிற கேள்வி. அப்போது "வேண்டாம் ஆச்சி, மெஷின் பாத்துக்கும்" என்று சொல்லிவிட்டேன். ஆனால் அந்தக் கேள்வி மண்டைக்குள்ளேயே இருந்தது. ஏன் திருப்ப வேண்டாம்? எப்போதிலிருந்து திருப்ப வேண்டாம் என்று ஆனது? தேடிப் படித்தபோது கிடைத்த கதைதான் இந்தப் பதிவு.

முதலில், உருண்டையை ஏன் திருப்ப வேண்டியிருக்கிறது என்று பார்ப்போம். அடுப்பு கீழே இருக்கிறது. குழியில் ஊற்றிய மாவு அடியில் மட்டும் வெந்து ஓடு கட்டும், மேலே பச்சையாக நிற்கும். அந்த நேரம் பார்த்து ஊசியாலோ கம்பியாலோ கொஞ்சம் புரட்டினால் மேலே உள்ள பச்சை மாவு குழிக்குள் வழிந்து மிச்ச ஓட்டையும் கட்டிக்கொள்ளும். அரைக்கோளக் குழியில் முழு உருண்டை வருகிற ரகசியம் இவ்வளவுதான். ரொம்ப சீக்கிரம் திருப்பினால் கிழியும், தாமதித்தால் உருண்டை வராது.

இந்த ரகசியம் நமக்கு மட்டும் தெரிந்தது இல்லை. டென்மார்க்கில் எப்ளஸ்கிவர் என்று ஒரு பலகாரம் உண்டு. கிறிஸ்துமஸை ஒட்டிய டிசம்பர் நாட்களில் சர்க்கரைத் தூளும் ஜாமும் தொட்டுச் சாப்பிடுவார்கள். பெயருக்கு 'ஆப்பிள் துண்டுகள்' என்று அர்த்தம், ஆனால் இன்று பெரும்பாலும் உள்ளே ஆப்பிள் இருக்காது! அதைச் சுடுகிற வார்ப்பிரும்புச் சட்டியின் படத்தை ஆச்சியிடம் காட்டினேன். "நம்ம சட்டிதான" என்றாள். ஜப்பானின் ஒசாக்கா நகரத்தில் 1935ல் எண்டோ தோமெகிச்சி என்பவர் மாவு உருண்டைக்குள் ஆக்டோபஸ் துண்டு வைத்து விற்க ஆரம்பித்தார். அதுதான் தகோயாகி. அதையும் குழிச்சட்டியில் ஊற்றி, கூர்மையான குச்சியால் மளமளவென்று திருப்புவார்கள். மூன்று நாடு, மூன்று மாவு, ஒரே கைவேலை.

இதைப் படித்ததும் கேக் பாப் மெஷின் இந்தக் குழிச்சட்டிகளின் மின்சாரப் பேரன் என்றுதான் நினைத்தேன். பாதிதான் சரி. குழி மட்டும் இந்தப் பக்கத்துச் சொத்து. மூடி வந்த வழி வேறு. அது வாஃபிள் அச்சின் வம்சம்.

ஐரோப்பாவில் மத்தியகாலத்திலேயே நீண்ட கைப்பிடி வைத்த இரண்டு இரும்புத் தகடுகளுக்கு நடுவே மாவை வைத்து நெருப்பில் காட்டிச் சுட்டார்கள். இங்கேயும் திருப்ப வேண்டும், ஆனால் பலகாரத்தை இல்லை, கனமான இரும்பு அச்சையே! 1869 ஆகஸ்ட் 24ல் அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்து டிராய் நகரத்தைச் சேர்ந்த கார்னீலியஸ் ஸ்வார்ட்வவுட் அடுப்பின் மேல் வைக்கும் வாஃபிள் அச்சுக்குக் காப்புரிமை வாங்கினார். அடுப்பிலேயே உட்கார்ந்திருக்கிற வளையத்துக்குள் அச்சு சுழலும். வேலை சுலபமானது. ஆனாலும் திருப்புவது நிற்கவில்லை. நெருப்பு இன்னும் கீழேதானே இருக்கிறது?

நெருப்பை மூடிக்குள் கொண்டுபோவது எப்படி? விறகையும் கரியையும் மூடிக்குள் வைத்து ஒரு கையால் திறந்து மூட முடியாது. மின்சாரக் கம்பியை வைக்கலாம். ஆனால் அந்தக் கால உலோகக் கம்பிகள் செக்கச்சிவக்கக் காய்ந்தால் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து சீக்கிரமே அரித்து அறுந்துபோகும். இந்தச் சிக்கலை அவிழ்த்தவர் ஆல்பர்ட் மார்ஷ் என்ற அமெரிக்கர். நிக்கலையும் குரோமியத்தையும் கலந்து அவர் செய்த உலோகத்துக்கு 1906ல் காப்புரிமை கிடைத்தது. நாம் நிக்ரோம் என்று லேப்பில் படித்தோமே, அதே நிக்ரோம். சூடானதும் மேலே குரோமியம் ஆக்சைடு மெல்லிய தோல் மாதிரி படிந்து உள்ளே இருக்கும் உலோகத்தைக் காப்பாற்றிவிடும். டோஸ்டர், இஸ்திரிப் பெட்டி, ஹீட்டர் எல்லாவற்றுக்கும் வழி திறந்த கம்பி இது.

கீழ்த் தகட்டில் ஒரு கம்பி, மேல் தகட்டில் ஒரு கம்பி. இரண்டு பக்கமும் நெருப்பு. ஆச்சியின் கேள்விக்கு முதல் பதில் இங்கே கிடைத்தது.

ஆனால் கம்பி மட்டும் இருந்தால் போதாது. காய்ந்துகொண்டே போய்க் கருக்கிவிடும். மெஷினில் அவ்வப்போது 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்கும், கவனித்திருக்கிறீர்களா? அது தெர்மோஸ்டாட். வேறு வேறு அளவில் விரியும் இரண்டு உலோகங்களை ஒட்டிய பட்டை, சூட்டில் வளைந்து இணைப்பைத் துண்டிக்கும், ஆறியதும் நிமிர்ந்து சேர்க்கும். இந்த ஈருலோகப் பட்டையைக் கண்டுபிடித்தவர் சமையல்காரர் இல்லை. 18ம் நூற்றாண்டில் கப்பல்களுக்காகக் கடிகாரம் செய்த ஆங்கிலேயர் ஜான் ஹாரிசன். வெயிலிலும் குளிரிலும் கடிகாரம் நேரம் தப்பாமல் ஓட அவர் செய்த ஏற்பாடு, இன்று கேக் கருகாமல் பார்த்துக்கொள்கிறது :-)

இப்போது என் முதல் ஈட்டுக்கு வருவோம். திறந்து பார்த்தால் பன்னிரண்டும் தட்டையான தலையோடு அரை நிலாவாக இருந்தன. அம்மா சிரித்த சிரிப்பு தெரு முனை வரை கேட்டிருக்கும். மெஷின் ரிப்பேர் என்றேன் நான். ஆச்சி மாவை விரலில் தொட்டுப் பார்த்துவிட்டு, "மாவு எழும்பல" என்றாள். டப்பாவில் கிடந்த பேக்கிங் பவுடர் அரதப் பழசு!

இதுதான் இரண்டாவது பதில். பணியாரத்தில் மேல் பாதியைக் கட்டுவது கை. இந்த மெஷினில் அதைக் கட்டுவது, தானாக எழும்பி மூடியின் குழியை நிறைக்கிற மாவு. அது நாலே நிமிடத்தில் எழும்ப வேண்டும். ஈஸ்ட் போட்டால் மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அல்லது முட்டையை அடித்துக் காற்றேற்ற வேண்டும். 1747ல் ஹானா கிளாஸ் எழுதிய பிரபலமான ஆங்கிலச் சமையல் நூலில் ஒரு கேக்குக்கு மாவை ஒரு மணி நேரம் அடிக்கச் சொல்லியிருக்கிறார். ஒரு மணி நேரம்! அந்தத் தோள் யாருடையது என்று யோசித்துப் பாருங்கள். பெரும்பாலும் வீட்டுப் பெண்ணுடையது, அல்லது வேலைக்காரப் பெண்ணுடையது.

அந்தத் தோளுக்கு ஓய்வு கொடுத்தது வேதியியல். 1843ல் பர்மிங்காமில் ஆல்பிரட் பேர்ட், முட்டையும் ஈஸ்ட்டும் ஒத்துக்கொள்ளாத தன் மனைவிக்காக ஒரு பேக்கிங் பவுடர் செய்தார். ஹார்வர்டு பேராசிரியர் எபன் ஹார்ஸ்ஃபோர்டு 1856ல் கால்சியம் பாஸ்பேட் அடிப்படையில் ஒரு அமிலப் பொடிக்குக் காப்புரிமை பெற்றார். சோடா உப்போடு அமிலம் சேர்ந்தால் கார்பன் டை ஆக்சைடு வரும் என்பது நமக்குத் தெரியும். இப்போதைய பவுடர்கள் பலவும் இரண்டு தவணையில் வேலை செய்பவை. ஈரம் பட்டதும் கொஞ்சம், சூடு பட்டதும் மிச்சம். அந்த இரண்டாவது தவணைதான் மூடிக்குள் ஏறுகிறது. புது டப்பா வாங்கி இரண்டாவது ஈடு ஊற்றினேன், உருண்டை வந்தது. ஆசையில் மூன்றாவது ஈட்டுக்கு மாவு அதிகம் ஊற்ற, இடுப்பில் வளையம் கட்டிய சனிக்கிரகங்கள் வந்தன. குழி நிறைய ஊற்றினால் போதும், அதற்கு மேல் ஆசைப்படக் கூடாது.

மூன்றாவதாக, எடுக்கும்போது ஒட்டக் கூடாது. 1938ல் டூபாண்ட் நிறுவனத்தின் ராய் பிளங்கெட் வேறொரு ஆராய்ச்சியில் தற்செயலாகக் கண்டதுதான் டெஃப்லான். பிரான்சில் மார்க் கிரெகுவார் என்ற பொறியாளர் தன் மீன்பிடி சாமான்களுக்காக அதை உலோகத்தில் பூசிப் பார்த்துக்கொண்டிருக்க, அவர் மனைவி கொலெட் 'அதை என் பாத்திரத்தில் பூசினால் என்ன?' என்று கேட்டதாகச் சொல்வார்கள். 1956ல் டெஃபால் நிறுவனம் பிறந்தது.

இந்த வசதிக்கு ஒரு விலையும் உண்டு, அதை விட்டுவிட்டு எழுதினால் நியாயமில்லை. டெஃப்லான் தயாரிப்பில் பல வருடம் பயன்பட்ட சி8 என்ற ரசாயனம், அமெரிக்காவில் மேற்கு வர்ஜீனியாவின் பார்க்கர்ஸ்பர்க் ஆலையைச் சுற்றியிருந்த ஊர்களின் குடிநீரில் கலந்தது. பாதிக்கப்பட்டவர்களின் 3500க்கும் மேற்பட்ட வழக்குகள் 2017ல் சுமார் 67 கோடி டாலருக்கு முடித்துவைக்கப்பட்டன. 2006ல் தொடங்கிய அரசு ஏற்பாட்டின்படி பெரிய நிறுவனங்கள் 2015க்குள் அந்த ரசாயனத்தைக் கைவிட்டன. நம் கை ஓய்வெடுக்க, எங்கேயோ யாரோ கஷ்டப்பட்டிருக்கிறார்கள்.

கடைசியாக ஒரு வேடிக்கை. கேக் பாப்பை உலகறியச் செய்தவருக்கு இந்த மெஷின் தேவையே இருக்கவில்லை! அமெரிக்காவின் ஜார்ஜியாவைச் சேர்ந்த ஆஞ்சி டட்லி, பேக்கரெல்லா என்ற பெயரில் எழுதும் வலைப்பதிவர். 2008ல் அவர் செய்தது இது: சுட்ட கேக்கை உதிர்த்து, கிரீமோடு பிசைந்து, கையால் உருட்டி, குச்சியில் செருகி, சாக்லேட்டில் முக்கினார். பொரிவிளங்காய் பிடிக்கிற மாதிரி சுத்தமான கைவேலை. அதே வருடம் மார்த்தா ஸ்டூவர்ட்டின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் செய்து காட்டினார், 2010ல் புத்தகம் வந்தது, 2011ல் ஸ்டார்பக்ஸ் கடைகளுக்கும் கேக் பாப் வந்துவிட்டது. அந்த அலையில்தான் வீட்டு மெஷின்களும் கடைக்கு வந்தன. உதிர்ப்பது, பிசைவது, உருட்டுவது எல்லாவற்றையும் மெஷின் தாண்டிவிட்டது. அதனால் அதில் வருவது ருசியிலும் வேறு. டட்லியின் உருண்டை உள்ளே பால்கோவா மாதிரி இறுக்கமாக இருக்கும், மெஷின் உருண்டை பஞ்சு மாதிரி இருக்கும். பெயர் கேக் பாப், குணம் எப்ளஸ்கிவர்.

ஒசாக்காவிலோ பல வீடுகளில் மின்சாரத் தகோயாகித் தட்டு இருக்கிறது. ஆனால் அதற்கு மூடி கிடையாது. மேஜை நடுவே வைத்து, குடும்பமே சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு குச்சியால் திருப்புகிறார்கள். கம்பி வந்த பிறகும் திருப்புவதை அவர்கள் விடவில்லை, அதுதான் அவர்களுக்கு விளையாட்டு. ஆக, மின்சாரம் வந்தால் கைவேலை போயே தீரும் என்று சட்டம் எதுவும் இல்லை. எதற்கு மூடி போடுவது என்பதை மனிதர்கள்தான் முடிவு செய்கிறார்கள்.

இதை ஒரு பெரிய கண்டுபிடிப்பு மாதிரி ஆச்சியிடம் சொன்னேன். கையால் திருப்புவதுதான் அழகு, மெஷின் சோம்பேறிகளுக்கு என்று கொஞ்சம் கூடவே பேசிவிட்டேன். ஆச்சி தன் வலது மணிக்கட்டைக் காட்டினாள். மூட்டுவாதத்தில் வீங்கியிருந்தது. வீட்டில் பணியாரம் சுட்டு இரண்டு வருஷமாகிறது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. எனக்கு அழகாகத் தெரிந்த வேலை அவளுக்கு வலி. எங்கள் வீட்டில் அந்தக் குச்சியை வேறு யாரும் கையில் வாங்கியதே இல்லை, நானும்தான்.

மறுநாள் சாயங்காலம் ஆச்சி பணியார மாவைக் கரைத்து எடுத்துக்கொண்டு மெஷின் முன்னால் உட்கார்ந்தாள். குழியில் ஊற்றி மூடிவிட்டுக் காத்திருந்தாள். திறந்தபோது பாதிக்கு மேல் சரியாக வரவில்லை, தலை தட்டையாகவே இருந்தன. புளித்த மாவுக்கு இந்த அவசரம் பிடிக்கவில்லை போலும். பரண் மேலிருந்து பழைய சட்டியை இறக்கச் சொன்னாள். குச்சியை என் கையில் கொடுத்தாள்.

முதல் ஆறும் கிழிந்தன. ஏழாவது உருண்டது. மெஷினில் கேக், சட்டியில் பணியாரம் என்று இப்போது வீட்டில் ஏற்பாடு. திருப்புவது என் வேலை.