பால் உறைவதும் கணக்கே



ரப்பர்ப் பாலை உறையவைக்க அமிலம் சேர்ப்பதைத் தோட்டத்தில் பார்த்திருக்கிறோம். சீராகக் கலக்காவிட்டால் ஓரிடம் கட்டியாகும். ஓரிடம் பாலாகவே நிற்கும். பொருள் சரியாக இருந்தால் மட்டும் போதாது. அது ஓடிக் கலக்கும் விதமும் சரியாக இருக்க வேண்டும்.

ரப்பர்க் கன்றுகள் 1877இல் சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்துக்கு வந்தன. அதே சிங்கப்பூரில், ஏழு தீவுகளை மண்ணிட்டு இணைத்த ஜூரோங் தீவு 2000இல் திறக்கப்பட்டது. அங்குள்ள இரசாயன ஆலைகளுக்கும் கலப்பதே பெரும் சிக்கல். சுட்ட சுண்ணாம்புக் கல்லில் நீர் ஊற்றினால் கொதிக்கிறதல்லவா? அதுபோல் சில பொருள்கள் சேரும்போது சூடு பிறக்கும். கலவை சீராக இல்லாவிட்டால் சூடு ஓரிடத்தில் தேங்கும். கலன் வெடிக்கவும் கூடும். அருகில் நிற்பவர் தொழிலாளிதானே!

நீர்மங்கள் ஓடும் விதத்துக்குப் பிரெஞ்சு அறிஞர் நேவியர் 1822இல் சமன்பாடு தந்தார். 1845இல் ஸ்டோக்ஸ் அதற்குத் தெளிவான அடிப்படை அமைத்தார். ஆனால் ஆலைக் கலன்களுக்கு அதைக் கையால் கணக்கிடுவது இயலாத காரியம்.

லண்டன் இம்பீரியல் கல்லூரிப் பேராசிரியர் ஸ்பால்டிங்கும், அவரிடம் பயின்ற இந்தியரான சுகாஸ் படாங்கரும் 1972இல் ஒரு வழி கண்டனர். கலனைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் வேகம், அழுத்தம், சூடு ஆகியவற்றைக் கணிப்பொறி திரும்பத் திரும்பத் திருத்திக் கணக்கிடும்.

கணிப்பொறிவழிப் பாய்ம இயக்கவியல் எனும் இத்துறையில் சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகங்களிலும் ஆய்வு நடக்கிறது. சூடு எங்கே தேங்கும் என்பதைக் கலனைக் கட்டுமுன்பே கணித்துவிடலாம்.

கணக்கு எதற்கு என்று கேட்கும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்வோம்: சரியாகப் போட்ட கணக்கு தொழிலாளியின் உயிரைக் காக்கும்.